கணவன் பட்ட கடனும் மனைவியின் பாதியும்: கேப் காலனியின் கணக்கு

கேள்வி இது: ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆண்ட கேப் காலனியில், அதாவது இன்றைய தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு முனையில், கல்யாணமான பெண்ணுக்குக் குடும்பச் சொத்தில் சரிபாதி உரிமை இருந்ததாகச் சொல்கிறார்கள். அப்படியானால் கணவன் வாங்கிய கடனுக்காக, அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த அடிமைகளையும் ஆடுமாடுகளையும் கடன்காரர்கள் எடுத்துக்கொள்ள முடியுமா, முடியாதா?

முடியும். கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தால் ஒழிய, அவள் கொண்டுவந்தது, அவன் கொண்டுவந்தது என்ற பிரிவே கிடையாது. பாதி உரிமை என்பது பொய்யல்ல. ஆனால் அது கடன் போக மிஞ்சியதில் பாதி. மிஞ்சவில்லை என்றால் பூஜ்யத்தில் பாதி. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கடனே இல்லாத குடும்பத்தில்கூட இந்தப் 'பாதி'யைப் பிரித்துக் கொடுக்க வேண்டிய நாளில், பெரும்பாலும் ஏலமேடையில் நின்றவர்கள் அடிமைகள்தான். பெண்ணுரிமை வரலாறாக மட்டும் இதைப் படித்தால் அந்தப் பக்கம் விட்டுப்போகும்.

முதலில் இடமும் காலமும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652ல் அங்கே இறங்கியது. 1795 வரை கம்பெனி ஆட்சி. பிறகு ஆங்கிலேயர், 1803 முதல் 1806 வரை பட்டாவியக் குடியரசு என்ற அன்றைய ஹாலந்து அரசு, மறுபடி ஆங்கிலேயர். ஆட்சி மாறினாலும் குடும்பச் சொத்தில், ரோமச் சட்டமும் ஹாலந்து வழக்கமும் கலந்த ரோமன்-டச்சுச் சட்டமே நீடித்தது. கேப் டவுனிலிருந்து ஸ்டெல்லன்போஷ், ஸ்வெல்லண்டாம் என்று குடியேற்றம் உள்நாட்டுக்குள் நகர்ந்து, 1786ல் கிராஃப்-ரைனெட் தனி மாவட்டமானது. எல்லைப்புறம் என்று இங்கே சொல்வது இந்தக் கிழக்கு வெளியைத்தான். பணத்துக்கு ரிக்ஸ்டாலர் என்று பெயர்.

இனி சட்டம். தாலி கட்டிய நிமிடம் என்று நாம் சொல்வதுபோல அங்கே பாதிரியார் மணம் முடித்து வைத்த நிமிடத்தில், இருவரிடமும் அதுவரை இருந்தது, இனி வரப்போவது எல்லாம் ஒரே பானையில் விழுந்துவிடும். பெண்ணின் தகப்பன் பின்னாளில் செத்து அவளுக்கு வரும் பாகமும் அதே பானைக்குள்தான். கடன்களும் அப்படியே. மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன் வாங்கிய கடன்கூடப் பொதுக் கடனாகிவிடும். பானை இருவருக்கும் சரிபாதி. கரண்டி மட்டும் கணவன் கையில். மனைவியின் காப்பாளன் என்ற நிலையில் பொதுச் சொத்தை அவன் விற்கலாம், அடகு வைக்கலாம், அதன் பேரில் கடன் எழுதலாம். அவள் கையெழுத்து வேண்டியதில்லை. அவளோ சட்டத்தின் கண்ணில் மைனர் மாதிரி. அவன் அனுமதியில்லாமல் வழக்குப் போடவோ பத்திரம் எழுதவோ முடியாது.

விதிவிலக்கு இரண்டு. வீட்டுச் செலவுக்கான சாமான் வாங்கினால் அது செல்லும். கடன் பொதுச் சொத்தின் மேல் ஏறும். கணவன் அறிய வெளிப்படையாகக் கடை வைத்தோ வியாபாரம் செய்தோ வந்தால், அந்தத் தொழில் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களில் அவள் தன்னையும் கணவனையும் கட்டுப்படுத்தலாம். எல்லைப்புறத்தில் ஆண்கள் வேட்டைக்கும், குதிரைப் படையெடுப்புக்கும், மாடு விற்க நகரத்துக்கும் மாதக்கணக்கில் போய்விடுவார்கள். பண்ணையை நடத்தியவள் மனைவிதான். கடன் பத்திரத்தில் மட்டும் அவளுக்கு இடமில்லை.

கணவன் உயிரோடு இருக்கும்போதே நொடித்துப்போனால், நம்மூர்ப் பேச்சில் மஞ்சள் கடுதாசி கொடுக்கும் நிலை வந்தால், முழுப் பொதுச் சொத்தும் கடன்காரர் கைக்குப் போகும். 'என் பாதியை மட்டும் ஒதுக்கிவை' என்று அவள் கேட்க முடியாது. பாகம் பிரிக்காதவரை அவளுக்கென்று தனியான பாதி எதுவும் கிடையாது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டால் விளங்கும். எல்லைப்புறப் பண்ணைக் குடும்பம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கட்டடங்களும் தோட்டமும் 2,500 ரிக்ஸ்டாலர், ஆறு அடிமைகள் 1,800, ஆடுமாடு குதிரை 3,200, வண்டியும் கருவிகளும் 700, வீட்டுச் சாமான் 800. மொத்தம் 9,000. கடன் 3,000. நான்கு பிள்ளைகள். உயில் எழுதாமல் கணவன் சாகிறான்.

கடன் போக மிச்சம் 6,000. அதில் 3,000 விதவைக்கு. இது வாரிசாக வருவதல்ல, ஏற்கெனவே அவளுடைய பாதி. கணவனின் பாதியான 3,000, ஆண் பெண் பேதமில்லாமல் நான்கு பிள்ளைகளுக்கும் தலைக்கு 750. கிழக்கிந்தியப் பகுதிகளுக்கென 1661ல் வந்த வாரிசுரிமை ஆணையின்படி, பிள்ளைகள் இருக்கையில் கணவன் பாதியிலிருந்து விதவைக்கு ஒரு காசும் வராது.

இப்போது கைக்காசுப் பக்கம் பாருங்கள். கடன்காரருக்கு 3,000, பிள்ளைகள் பேருக்கு 3,000. ஆக 9,000 மதிப்புள்ள வீட்டிலிருந்து 6,000 வெளியே போக வேண்டும். கடன் தாங்கக்கூடியதுதான், யாரும் நொடிக்கவில்லை. ஆனாலும் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பணமாக்கினால்தான் கணக்கு முடியும். எதை விற்பது?

நிலத்தை விற்க முடியாது, ஏனென்றால் அது அவர்களுடையதே அல்ல. எல்லைப்புறப் பண்ணைகள் பெரும்பாலும் 'கடன் பண்ணை'கள். கம்பெனிக்கு நிலம் சொந்தம், குடியானவனுக்கு அனுபவம் மட்டும். நடுவில் ஒரு இடத்தைக் குறித்து, அங்கிருந்து ஒவ்வொரு திசையிலும் அரை மணி நேர நடைத் தூரம் அவன் எல்லை. சுமார் 6,000 ஏக்கர் வரும். 1732 முதல் வருட வாடகை 24 ரிக்ஸ்டாலர். பண்ணை கைமாறும்போது விலைக்குப் போனது மேலே கட்டிய வீடு, தொழுவம், வேலி, மரங்கள் ஆகியவை மட்டும். இதற்கு ஓப்ஸ்டல் என்று பெயர். நடைமுறையில் தண்ணீருள்ள பண்ணையின் ஓப்ஸ்டலுக்கு நிலத்தின் மதிப்பும் சேர்ந்தே விலை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆனாலும் நிலத்தை அடமானம் வைத்துப் பெரிய கடன் வாங்குவது, கேப் டவுன் பக்கத்துப் பட்டா நிலக்காரன் செய்வதுபோல, இங்கே நடக்காது. குடும்பம் அதே பண்ணையில் பிழைக்க வேண்டுமென்றால் ஓப்ஸ்டலை விற்கவும் கூடாது. மாட்டை எல்லாம் விற்றால் வண்டி இழுக்க ஆளில்லை. மிஞ்சுவது அடிமைகள். நடந்தே ஏலத்துக்கு வரக்கூடியவர்கள், எந்த மாவட்டத்திலும் விலைபோகக் கூடியவர்கள், தனித்தனியாகப் பிரித்து விற்கக் கூடியவர்கள். இந்தக் கடைசி அம்சம்தான் கொடுமை.

சாவு விழுந்தபின் நடைமுறை எப்படி ஓடியது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

1670களிலிருந்து கேப் டவுனில் 'வேஸ்காமர்' என்று ஒரு மன்றம் இருந்தது. அநாதைப் பிள்ளைகளின் சொத்தைக் காக்கும் மன்றம் என்று சொல்லலாம், ஆனால் தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர்களோடு அதன் கணக்கு நிற்பதில்லை. ஒருவர் இறந்து மைனர் பிள்ளைகள் இருந்தாலே, உயிலில் மன்றத்தை விலக்கி வேறு காப்பாளரை நியமிக்காதவரை, அது உள்ளே வந்துவிடும். தொலைவான மாவட்டங்களில் லாண்ட்ரோஸ்ட் என்ற மாவட்ட அதிகாரியின் அலுவலகம் அதன் வேலையைப் பார்த்தது.

முதல் வேலை சொத்துப் பட்டியல். எழுத்தர் ஒருவர் வீட்டுக்கு வந்து அறை அறையாகப் போவார். முன்கூடத்து மேசை, நாற்காலி, இடப்பக்க அறைக் கட்டில், சமையலறைச் செம்புப் பாத்திரங்கள், பரணில் தானியம், நிலவறையில் ஒயின் பீப்பாய், கொட்டகையில் வண்டி, கலப்பை. பிறகு ஆடுமாடு எண்ணிக்கை. இவற்றோடு வரிசையாக அடிமைகள்: பெயர், பிறந்த இடம், சில நேரம் வேலை. பெயரென்பது எசமான் வைத்தது. ஏப்ரல், செப்டம்பர் என்று மாதப் பெயர். ஸ்கிப்பியோ, கூபிடோ என்று ரோம வரலாற்றிலிருந்தும் புராணத்திலிருந்தும் எடுத்த பெயர். ஊர்ப் பெயரில்தான் ஆள் யார் என்பதன் நிழல் தெரியும். 'பெங்காலன்', 'மலபார்', 'மடகாஸ்கர்', 'பூகிஸ்', அங்கேயே பிறந்தவர்களுக்கு 'காப்'. 'கஸ்ட்' அல்லது 'கோரமண்டல்' என்றிருந்தால் அது நம் சோழமண்டலக் கரை. 1652 முதல் 1808 வரை கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட சுமார் 63,000 அடிமைகளில் ஏறத்தாழக் கால்பங்கு இந்தியா, இலங்கைப் பக்கத்திலிருந்து போனவர்கள். நாகப்பட்டினமும் பழவேற்காடும் கம்பெனியின் துறைமுகங்கள். பஞ்ச காலங்களில் அங்கே ஆள் மலிவாகக் கிடைத்தார்கள் என்பது கம்பெனிக் காகிதங்களிலேயே உள்ள செய்தி.

பட்டியலின் கடைசியில் வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன் இரண்டும் எழுதப்படும். இங்கேதான் விதவைகள் பலருக்கு முதல் அதிர்ச்சி. கணவன் யாருக்கெல்லாம் பிணை நின்றான் என்பது அப்போதுதான் வெளியே வரும். எல்லைப்புறத்தில் கடன் பத்திரம் என்றாலே பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பிணையாளிகளாகக் கையெழுத்துப் போட வேண்டும். இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு. ஒருவன் சாய்ந்தால் அந்தப் பாரம் அடுத்தவன் வீட்டுப் பட்டியலில் போய் ஏறும்.

அடுத்தது, மதிப்பீடு செய்து உயிரோடிருப்பவரே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதா, பொது ஏலமா என்ற முடிவு. விதவை எல்லாவற்றையும் மதிப்பு விலைக்கு எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் பங்குக்குக் கடன் பத்திரம் எழுதித் தரலாம். இதற்குப் பிணையாளிகள் வேண்டும், சொத்தும் ஈடாகக் கட்டப்படும். பிணைக்கு ஆள் கிடைக்காதவள், கடன் நெருக்குகிறவள், மூத்த பிள்ளைகள் கையில் காசு கேட்கிறவள் ஏலத்துக்குத்தான் போக வேண்டும். ஏலத்தில் விதவையே வந்து தன் வீட்டுக் கட்டிலையும், தன் சமையற்காரியையும், தன் பாதியைக் கழித்துக்கொள்ளும் கணக்கில் திரும்ப வாங்குவது சாதாரணக் காட்சி. சமையற்காரியின் மகனை வேறொருவன் கூடுதல் விலை கேட்டால் அவன் அந்த வண்டியில் ஏறிப் போவான். கம்பெனிக் காலத்தில் அடிமைகளுக்குச் சட்டப்படி திருமணம் கிடையாது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. ஆகவே பிரிக்கக்கூடாத குடும்பம் என்று ஒன்றைச் சட்டம் பார்க்கவே இல்லை. எசமான் வீட்டில் பிள்ளைகளுக்குச் சமபங்கு என்ற நல்ல கொள்கை, அடிமை வீட்டில் பிள்ளைகளைப் பங்கு போடும் கத்தியாக இறங்கியது இப்படித்தான்.

ஏலப் பணம் வந்ததும் கடன்காரர் வரிசை. சவ அடக்கச் செலவு, கடைசி நோய்க்கான வைத்தியச் செலவு போன்றவை முன்னால். விற்றவனுக்கே விலைப்பாக்கி எழுதிக் கொடுத்த அடமானம், மற்றக் குறிப்பிட்ட அடமானங்கள் தேதி வரிசையில், முந்தைய கல்யாணத்துப் பிள்ளைகளுக்குத் தரவேண்டிய பங்குக்கான உரிமை, இவையெல்லாம் முன்னுரிமைக் கூட்டம். வெறும் கைச்சீட்டு வைத்திருக்கும் கடன்காரன் கடைசியில் நிற்பான். மிஞ்சியதை விகிதப்படி பிரித்துக்கொள்வார்கள்.

மைனர் பிள்ளைகளின் பங்கு வேஸ்காமருக்குப் போனால் அது பெட்டியில் தூங்காது. மன்றம் அதை ஊரிலுள்ள பண்ணைக்காரர்களுக்கே வட்டிக்கு விடும். கேப்பில் 1793 வரை வங்கி என்று ஒன்று கிடையாது. தேவாலய நிதியும் அநாதைப் பிள்ளைகள் நிதியும்தான் கடன் கிடைக்கும் பெரிய இடங்கள். அடிமைகளை ஏலம் விட்டு வந்த பணம், பிள்ளைகள் பேரில் மன்றத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பண்ணைக்காரனுக்குக் கடனாக வந்து, அவன் அடுத்த ஏலத்தில் அடிமை வாங்குவான். அவன் செத்தால் அவன் மனைவி அந்த அநாதைகளுக்குக் கடன்பட்டவள்.

மறுமணம் இந்தச் சுற்றில் ஒரு முக்கியமான கண்ணி. இளம் வயது விதவைகள் பெரும்பாலும் சீக்கிரமே மறுமணம் செய்தார்கள். பண்ணையோடு கூடிய விதவை நல்ல வரன். ஆனால் முந்தைய கல்யாணத்தின் மைனர் பிள்ளைகளுக்கு உரிய பங்கு ஒதுக்கப்பட்டது என்று மன்றம் சான்று கொடுக்காமல் திருமண அறிவிப்பு நடக்காது. பட்டியல் எடுக்காமல் தள்ளிப்போட்டால் சட்டம் அதற்கொரு தண்டனை வைத்திருந்தது: பழைய பொதுச் சொத்து பிள்ளைகளோடு தொடர்வதாகக் கொள்ளப்படும். அதன்பின் வந்த லாபத்தில் பிள்ளைகள் பங்கு கேட்கலாம். நட்டம் வந்தால் ஏற்க வேண்டியதில்லை. பட்டியலில் மதிப்பைக் குறைத்துக் காட்டுவதும் நடக்கும். பிள்ளைகள் வயதுக்கு வந்தபின் மாற்றாந்தகப்பன் மேல் வழக்கு வருவதற்கு அதுவே வழக்கமான காரணம். புதுக் கணவனுக்கோ, விதவையின் பாதிச் சொத்தோடு அவள் தலையிலிருந்த பிள்ளைப் பங்குக் கடனும் சேர்ந்தே பானைக்குள் வரும். முதல் தாரத்துப் பிள்ளைகளைக் காக்க இன்னொரு தடையும் உண்டு: இரண்டாம் துணைக்கு, தன் பிள்ளைகளில் மிகக் குறைவாகப் பெறுபவரின் பங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது.

இனி தப்பிக்கும் வழிகள். சட்டத்தில் வழிகள் இருந்தன, குறைவில்லை. யாருக்கு எட்டின என்பதுதான் கேள்வி.

உடைமையுள்ள குடும்பங்கள் அதிகம் பயன்படுத்தியது கூட்டு உயில். கணவன் மனைவி இருவரும் ஒரே பத்திரத்தில், எஞ்சியிருப்பவரே முக்கிய வாரிசு என்று எழுதிக்கொள்வார்கள். பிள்ளைகளை முழுக்க ஒதுக்க முடியாது. நான்கு பேர் வரை இருந்தால், உயிலில்லாமல் வந்திருக்கும் பங்கில் மூன்றில் ஒன்று. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் பாதி. இது குறையாப் பங்கு. மேலே போட்ட கணக்கில் 750 என்பது 250 ஆகும். நான்கு பேருக்கு 1,000. வெளியே போக வேண்டிய பணம் 6,000லிருந்து 4,000 ஆகக் குறைகிறது. விதவை கையில் 5,000 நிற்கும். ஏலம் நடந்தாலும் வீட்டோடு போகாது. ஆனால் கவனியுங்கள், கடன்காரரின் 3,000 அப்படியேதான் இருக்கிறது. உயில் பிள்ளைகளோடு செய்துகொள்ளும் ஏற்பாடு. கடன்காரனை அது அசைக்காது.

கடன்காரனை அசைக்கக்கூடியது கல்யாணத்துக்கு முந்தைய ஒப்பந்தம். இதில் மூன்று விஷயங்களைத் தனித்தனியாக விலக்க வேண்டும் என்பது பலருக்குப் புரியவில்லை. 'சொத்து சேராது' என்று மட்டும் எழுதினால், ஆளுக்கு ஆள் கொண்டுவந்தது தனியாக நிற்கும். ஆனால் திருமணக் காலத்து லாப நட்டம் பொதுவாகவே ஓடும். அதாவது கணவன் வியாபாரத்தில் விட்ட நட்டத்தில் பாதி மறுபடி அவள் தலையில். ஆகவே 'லாபமும் நட்டமும் சேராது' என்று தனியாக எழுத வேண்டும். இரண்டையும் எழுதினாலும் கணவனின் நிர்வாக அதிகாரம் அப்படியே இருக்கும். அவள் அடிமையை அவன் விற்றுவிட்டால் பின்னால் ஈட்டுத் தொகை கேட்கலாமே தவிர முன்னால் தடுப்பது கடினம். அதையும் விலக்கினால்தான் பூட்டு முழுப் பூட்டு. அதோடு அவள் கொண்டுவந்தவற்றின் பட்டியலை ஒப்பந்தத்திலேயே இணைக்க வேண்டும்: அடிமைகளின் பெயர், மாடுகளின் எண்ணிக்கை, வெள்ளிச் சாமான். பட்டியல் இல்லாவிட்டால் கணவன் நொடிக்கும் நாளில் 'இது என்னுடையது' என்று மெய்ப்பிக்கும் பாரம் அவளுக்கு. அடிமைப் பெண்ணைப் பட்டியலிட்டு, அவளுக்குப் பின்னால் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விடுவதும் சண்டைக்கு வழி.

இந்த ஒப்பந்தத்தைக் கல்யாணத்துக்கு முன் எழுதியே ஆக வேண்டும். பின்னால் மாற்ற முடியாது. எல்லைப்புறத்து ஜோடிகள் கல்யாணத்துக்கே கேப் டவுன் திருமண மன்றத்தின் முன் போய் நிற்க வேண்டியிருந்தது. 1804ல்தான் மாவட்டத்திலேயே மணம் முடிக்க வழி வந்தது. மாட்டு வண்டியில் வாரக்கணக்கில் பயணம். இருபது வயதுப் பெண்ணும் அவள் வீட்டாரும் அந்த அவசரத்தில் ஒப்பந்தம் எழுதுபவரைத் தேடிப் போவது அபூர்வம். ஒப்பந்தம் எழுதியவர்களில் விதவைகள் அதிகம் தெரிவதற்குக் காரணம், முதல் கணவன் சாவில் பட்டியலும் ஏலமும் பார்த்து அவர்கள் தேறியிருந்தார்கள்.

மகளுக்குக் கொடுப்பதைத் தகப்பனே பாதுகாக்கலாம். உயிலில் 'இது அவள் கணவனோடுள்ள பொதுச் சொத்தில் சேராது, அவன் நிர்வாகத்துக்கும் வராது' என்று ஒரு வரி போதும். அல்லது 'இவள் அனுபவித்து, இவள் பிள்ளைகளுக்குப் போக வேண்டும்' என்று கட்டி வைக்கலாம். இந்த ஒரு வரியை எழுதத் தவறிய தகப்பன்களால்தான் மருமகனின் கடன்காரர்கள் வாழ்ந்தார்கள் என்றால் மிகையில்லை.

பிணை விஷயத்தில் ரோமச் சட்டத்திலிருந்து வந்த பழைய பாதுகாப்பு ஒன்று உண்டு. பெண் மற்றவருக்காகப் பிணை நின்றால் அது செல்லாது. கணவனுக்காக நின்றால் அறவே செல்லாது. கேட்க நன்றாயிருக்கும். ஆனால் அந்தச் சலுகையை அவள் விளங்கிக்கொண்டு துறக்கலாம் என்றும் சட்டம் அனுமதித்தது. விளைவு, பெண் கையெழுத்திடும் கடன் பத்திரங்களில் 'இன்ன இன்ன சலுகைகளைத் துறக்கிறேன்' என்ற வாசகம் அச்சுப் போட்ட மாதிரி வரும். பாதுகாப்பு சட்டப் புத்தகத்தில், துறப்பு பத்திரத்தில். தென்னாப்பிரிக்கா இந்த விதியை ஒழித்தது 1971ல்தான். அதுவரை வங்கிகள் அந்த வாசகத்தை எழுதிக்கொண்டே இருந்தன.

கணவன் குடித்தோ சூதாடியோ சொத்தை அழிக்கிறான் என்றால், அவனை ஊதாரி என்று அறிவித்துக் காப்பாளர் நியமிக்கவோ, சொத்தை மட்டும் பிரித்துத் தரவோ நீதிமன்றத்தைக் கேட்கலாம். தீர்ப்புக்குப்பின் வரும் கடன்களுக்குத்தான் பயன். பழைய கடனை அது கழுவாது. நீதிமன்றமும் கேப் டவுனில்.

கடைசி வழி, கணவன் செத்தபின் விதவை பொதுச் சொத்தையே வேண்டாமென்று கைவிடுவது. ஹாலந்தில் இதற்கு ஒரு பழஞ்சடங்கு உண்டு: வீட்டுச் சாவியைச் சவப்பெட்டியின் மேல் வைத்துவிட்டு உடுத்த உடையோடு வெளியேறுவது. கைவிட்டால் கடனில் பாதி அவளைத் தொடராது. சொத்தில் பாதியும் கிடைக்காது. மேலே சொன்ன கணக்கில் கடன் 3,000 அல்ல, 10,000 என்று வையுங்கள். எல்லாம் விற்றும் 1,000 குறைகிறது. கைவிடாத விதவையிடம் அதில் பாதியான 500க்கு வழக்குத் தொடுக்கலாம். நாளை அவள் சம்பாதிப்பதிலிருந்தும் கேட்கலாம். கைவிடப்போகிறவள், கணவன் இறந்த நாளிலிருந்து எதையும் தன்னுடையதுபோல் கையாளக் கூடாது. அவசரச் செலவுக்கு ஒரு மாட்டை விற்றாலும், சொத்தை ஏற்றுக்கொண்டாள் என்று கடன்காரன் வாதிடுவான்.

ஆங்கிலேயச் சட்டத்தோடு ஒப்பிட்டு 'டச்சுப் பெண் பாக்கியசாலி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. பகுதி உண்மை. ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் மனைவியின் அசையும் பொருளெல்லாம் கணவனுக்கே முழுச் சொந்தம்; விதவைக்கு நிலத்தில் மூன்றிலொரு பங்கு ஆயுள் அனுபவம். அந்த மூன்றிலொன்றைக் கணவனின் கடன்காரன் தொட முடியாது என்பது மறுபக்கம். கேப் பெண்ணுக்குப் பங்கு பெரியது, பாதுகாப்பு சிறியது.

நமக்குக் கிட்டத்து ஒப்பீடு யாழ்ப்பாணம். அதே கம்பெனி, 1707ல் தன் அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் மூலம் தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழர் வழக்குச் சட்டத்தைத் தொகுத்தபோது, முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று மூன்று பானை வைத்திருந்த வழக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒரே ஆட்சியின் கீழ், யாழ்ப்பாணத்துப் பெண்ணின் சீதனத்துக்குத் தனி அடையாளம் இருந்தது. கேப் பெண் கொண்டுபோனதற்கு இல்லை. இலங்கையில் ரோமன்-டச்சுச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு இருந்த பொதுச் சொத்து முறையை 1876ம் ஆண்டின் 15ம் கட்டளைச் சட்டம் நீக்கியது.

அடிமையாக வந்தவளே இந்தச் சட்டத்தால் சொத்துக்காரியான கதையும் உண்டு. வங்காளத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அஞ்சலா 1666ல் விடுதலை பெற்று, 1669ல் ஆர்னோல்டஸ் பாசன் என்ற ஐரோப்பியரை மணந்தார். மணந்ததும் பாதிக்கு உரியவள். விதவையானபின் குடும்பச் சொத்தைத் தானே நிர்வகித்து வசதியோடு வாழ்ந்தார். அவருக்கும் அடிமைகள் இருந்தார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் கணக்கு இறுகியது. 1808ல் அடிமை இறக்குமதி நின்றதும் இருப்பவர்களின் விலை ஏறியது. ஏறிய விலையை நம்பிக் கடன் கொடுத்தார்கள். அடிமைகளை அடமானம் வைப்பது பெருகியது. 1816ல் வந்த அடிமைப் பதிவேடு, யாருடைய அடிமை யார் என்பதை எழுத்தில் நிறுத்தியதால் அடமானக்காரருக்கும் வசதியாயிற்று. 1825ல் ரிக்ஸ்டாலர் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று நிர்ணயமானது, முன்பு 4 ஷில்லிங் மதிப்பில் இருந்த காசு. அதே வருடங்களில் பிரிட்டனில் கேப் ஒயினுக்கு இருந்த வரிச் சலுகையும் குறைந்தது. ஒயின் பண்ணைகள் அடமானத்தில் மூழ்கின. இதற்கிடையே 1823ல் அடிமைகளின் கிறிஸ்தவத் திருமணத்தைச் சட்டம் ஏற்றது. அப்படி மணந்தவர்களையும் அவர்களுடைய சிறு பிள்ளைகளையும் பிரித்து விற்கத் தடை வந்தது. கடன்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. தாயோடு பிள்ளையைச் சேர்த்தே விற்றால் வாங்குபவர் குறைவு என்பது அவர்கள் கணக்கு.

1834 டிசம்பர் 1ல் விடுதலை. ஆனால் 1838 டிசம்பர் வரை 'பயிற்சி ஊழியம்' என்ற பெயரில் பழைய வேலை. கேப்பின் சுமார் 36,000 அடிமைகளை 28 லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்பிட்டு, 12 லட்சத்துச் சொச்சத்தை எசமானர்களுக்கு இழப்பீடாக ஒதுக்கினார்கள். விடுதலையானவர்களுக்கு ஒன்றுமில்லை. பணம் லண்டனில் கொடுக்கப்பட்டதால், பண்ணைக்காரர்கள் தங்கள் உரிமைச் சீட்டைக் கேப்பிலிருந்த தரகர்களிடம் தள்ளுபடி விலைக்கு விற்றார்கள். அடமானம் வைத்திருந்தவர்கள் அதற்கு முன்பே உரிமை கோரி நின்றார்கள். பொதுச் சொத்தில் மணந்த மனைவியின் பாதி இந்த இழப்பீட்டிலும் இருந்தது. அடமானக்காரன், தரகன், கணவனின் மற்றக் கடன் என்று எல்லாம் கழித்தபின் எஞ்சியதில்.